நெம்பை அழுத்திக்கொண்டு முடுக்குக

ஃபிளின்ட் நகரத்தில், ஆற்றுக்கு வடகரையில் எமில் ஹார்ட்விக் குடியிருந்த வீட்டினுள் பதினொரு வாரமாக ஆளிவிதை எண்ணெய் காயும் வாடை நீங்கவேயில்லை. திரைச்சீலையில் அந்த வாடை. ரொட்டியில் அந்த வாடை. எமிலின் மனைவி ஹெட்டி ஞாயிறுதோறும் தேவாலயத்துக்கு அணிந்து செல்லும் தொப்பியிலும் அதே வாடை. அது மதுவிலக்குக் காலம்; மார்ச்சு மாதத்தில் ஒரு நாள் காவலர் ஒருவர் வந்து, நிலவறையில் சாராயம் காய்ச்சுவதாகப் புகார் வந்திருக்கிறது என்று சொல்லி இறங்கிப் பார்த்தார். அடுப்பின்மேல் கொதிப்பது வார்னிஷ் என்று கண்டறிந்தபின், மூலையில் எமில் புளிக்க வைத்திருந்த பீர்ச் சாடியைக் கண்டும் காணாதவராய், அதிலிருந்தே இரண்டு கோப்பை அருந்திவிட்டுப் போனார்.

வார்னிஷ் காய்ச்சியவர் ஹெட்டியின் அண்ணன் ஆரின் பெக்வித். ஐம்பத்திரண்டு வயது. விரல் நகங்கள் பத்தும் தேன் நிறம் ஏறியவை. பக்கத்து ஊராகிய ஒவாசோவில் அவருக்கு ஒரு பட்டறை இருந்தது. பருத்தித் துணியை வார்னிஷில் தோய்த்து, உத்தரத்தில் தொங்கவிட்டு உலர்த்தி, வட்ட வட்டமாக வெட்டிக் கொடுப்பது அங்கே நடந்த தொழில். அந்த வட்டங்கள் போய்ச் சேர்ந்த இடம், எமில் வரைவாளராகப் பணிபுரிந்த பம்புத் தொழிற்சாலை. சனவரியில் தொழிற்சாலை அவற்றை வாங்குவதை நிறுத்தியது. பட்டறை மூடப்பட்டது, பதினான்கு பேர் வேலை இழந்தனர். மனைவியை இழந்து தனியாளாக இருந்த ஆரின், ஒரு பெட்டியும் இரண்டு வார்னிஷ் கொப்பரையுமாகத் தங்கை வீட்டு நிலவறைக்கு வந்து சேர்ந்தார். பிழைப்புத் தேடி வந்தவரல்லர். தம்முடைய துணியில் பிழை எங்கே என்று தேட வந்தவர்.

அந்தப் பம்பு எமிலும் ஆரினும் சேர்ந்து பெற்ற பிள்ளை என்றே சொல்லலாம். அதற்கு முன்பு மோட்டார் வண்டிகளில் பெட்ரோல் தொட்டியை மேலே வைத்து, தானாகக் கீழே இறங்க விட்டார்கள். செங்குத்தான மேட்டில் எரிபொருள் இறங்காமல் வண்டி நின்றுபோகும். பின்பக்கமாகத்தான் மேட்டில் ஏறவேண்டும். எமில் வரைந்த பம்போ, பின்னால் இருக்கும் தொட்டியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி எடுத்தது. உள்ளங்கையளவு கிண்ணம் ஒன்று. அதன் நடுவே துணியாலான சவ்வு. என்ஜின் சுழலும்போது நெம்பு என்னும் சிறு நெம்புகோல் அச்சவ்வைக் கீழே இழுக்கும், ஒரு சுருள்வில் அதனை மேலே தள்ளும். அவ்வளவே. ரப்பர்ச் சவ்வு பெட்ரோலில் ஊறிப் பிசினாகிவிடும்; தோல் சுருங்கிவிடும். வார்னிஷ் துணிதான் நிற்கும் என்று சொன்னவர் ஆரின். இரண்டாண்டுக் காலம் வியாழன்தோறும் ஒரு துணிச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரயிலேறி வருவார். ஹெட்டியின் அடுக்களை மேசையில் இருவரும் பம்பைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருப்பார்கள்.

அவர்களுக்குள் ஒரு வழக்கமிருந்தது. துணியை ஆரின் வைப்பார். திருகாணிகளை எமில்தான் முடுக்கவேண்டும். “துணி என்னுது, ஸ்க்ரூ உன்னுது. நாளைக்கு எதுனா ஆச்சுன்னா யாரைத் திட்டணும்னு தெளிவா இருக்கணும் பாரு” என்று முதல் நாள் ஆரின் சொன்ன வேடிக்கை அப்படியே நிலைத்துவிட்டது.

திருகாணி முடுக்குவதிலும் ஒரு முறை இருந்தது. அதைக் கண்டு சொன்னவரும் ஆரின்தான். நெம்பை முழுதும் அழுத்திச் சவ்வைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் ஆறு திருகாணிகளையும் இறுக்கவேண்டும். “துணிக்கு ஒரு தொப்பை வேணும் மாப்பிள்ள. சாப்பிட்டுட்டு உக்காந்த பாதிரியார் மாதிரி தொளதொளன்னு இருக்கணும். விறைப்பா இறுக்குனா ஒவ்வொரு இழுப்புக்கும் ஓரத்துல வலி எடுக்கும். கோடையில தாங்கிக்கும். குளிர்ல பிச்சிக்கும்” என்றார். எமில் அதனைத் தம் வரைபடத்தின் அடியில் நான்காம் குறிப்பாக எழுதினார்: நெம்பை முழுதும் அழுத்திக்கொண்டு திருகாணிகளை முடுக்குக. எழுதும்போது ஆரின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்து, எழுத்து அழகாயிருப்பதாகப் பாராட்டினார்.

அந்த வரியை எமில் அழித்துவிட்டார்.

ஒருவரும் அவரை அழிக்கச் சொல்லவில்லை. சென்ற செப்டம்பரில், வரைபடம் தொழிற்சாலைப் பட்டறைக்கு இறங்குவதற்கு இரண்டு நாள் முன்பு, தலைமைப் பொறியாளர் ராட்னர் கையில் கடிகாரத்துடன் எமிலின் பலகையருகே வந்து நின்றார். நெம்பை அழுத்திப் பிடிக்கப் பம்பு ஒன்றுக்கு நான்கு விநாடி; நாளொன்றுக்கு ஆறாயிரம் பம்பு; ஏறத்தாழ ஏழு மணி நேரம் வீண் என்று கணக்குச் சொன்னார். “இந்த வரி இல்லேன்னா பம்பு ஓடாதா, ஹார்ட்விக்?” என்று கேட்டார். “ஓடும் ஐயா” என்றார் எமில். அது பொய்யன்று. ராட்னர் தலையசைத்துவிட்டு நகர்ந்தார். எமில் சவரக் கத்தியை எடுத்துக் வரைபடம் தீட்டியிருந்த கஞ்சியேற்றிய வரைதுணியின்மேல் காய்ந்திருந்த அவ்வரியின் மையை மெல்லச் சுரண்டி எடுத்தார். வரைகூடத்தில் வழக்கம் யாதெனில், வரைபடம் அறையைவிட்டு வெளியேறியபின் செய்யும் மாற்றத்தை மட்டுமே ஓரத்திலுள்ள மாற்றப் பட்டியலில் தேதியும் காரணமும் பெயருமிட்டுப் பதியவேண்டும். வெளியேறுமுன் செய்வது மாற்றமாகாது, திருத்தம் ஆகாது, ஒன்றுமே ஆகாது. ஆகவே அந்த வரி ஒருபோதும் இருந்திராததாக ஆயிற்று.

சனவரிக் குளிரில் பம்புகள் திரும்பி வரத் தொடங்கின. சவ்வின் ஓரத்தில் பிறைவடிவக் கிழிசல். துணி சரியில்லை என்று ராட்னர் கூறினார். எமில் மறுத்துப் பேசவில்லை. அம்மாதக் கடைசியில் இந்த நிலவறைக்கு வந்த ஆரின், கிழிந்த வட்டமொன்றை விளக்கில் காட்டிப் பார்த்தபடி, ஒரே ஒரு தடவை கேட்டார்: “உங்க பட்டறையில நெம்பை அழுத்திட்டுத்தானே முடுக்குறாங்க?”

“வரைபடத்துல எழுதியிருக்கே. நீதான் பாத்தியே மச்சான்” என்றார் எமில்.

ஆரின் அதன்பிறகு கேட்கவில்லை. எழுதப்பட்டதை அவர் நம்புகிறவர்.

ஏப்ரல் மாதத்து இரண்டாம் ஞாயிறு. தேவாலயத்திலிருந்து திரும்பி மூவரும் உண்ண உட்கார்ந்தனர். பனி உருகித் தெருவெல்லாம் சேறாயிருந்தது. ஆற்றில் சக்கர் மீன் ஏறும் பருவம். அண்டை வீட்டுக்காரர் வலை வீசிப் பிடித்துப் புகையூட்டிக் கொடுத்த மீனும், வெண்ணெய் தடவிய உருளைக்கிழங்கும், புளித்த முட்டைக்கோசும் மேசையில் இருந்தன.

“முள்ளு பாத்து சாப்பிடு அண்ணே” என்றாள் ஹெட்டி. “போன ஞாயித்துக்கிழம இருமி இருமி வீட்டையே ரெண்டாக்கிட்ட.”

“அது முள்ளு இல்ல, உன் சமையலு.”

“அப்போ தட்டை இப்படித் தள்ளு.”

“வேணாம் வேணாம், பழகிடுச்சு” என்று ஆரின் தட்டைக் கைகளால் வளைத்துக்கொண்டார். ஹெட்டி சிரித்தாள். எமிலுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆரினின் இருமலுக்குக் காரணம் முள்ளன்று, பதினொரு வாரத்து வார்னிஷ் புகை என்பதை அவர் அறிவார்.

எமிலின் மேல்சட்டை உட்பையில் வெள்ளியன்று ராட்னர் கொடுத்தனுப்பிய தாள் இருந்தது. பம்புகள் கிழிந்தமைக்குத் தம் துணியின் குறைபாடே காரணம் என்று ஆரின் பெக்வித் ஒப்புக்கொள்வதாக அதில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. திங்கள் காலைக்குள் கையொப்பம் வேண்டும். கிடைத்தால் தொழிற்சாலை வழக்குத் தொடராது. ஆனால், ஒப்பமிட்ட செய்தி டெட்ராய்ட்டிலும் டொலீடோவிலும் பரவியபின், ஆரினிடம் எந்தக் கம்பெனியும் ஒரு முழத் துணிகூட வாங்காது. இதனைத் தாளில் எழுதவில்லை, எழுதத் தேவையுமில்லை.

எமில் அதனை எடுத்து மேசைமேல் வைத்தார். தாமாக வைத்தாரா, கை தானாக வைத்ததா என்று பின்னர் நினைத்துப் பார்த்தும் அவருக்குப் புலப்படவில்லை.

ஆரின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். ஹெட்டி எட்டிப் பார்த்தாள்.

“இதுல கையெழுத்துப் போட்டா திரும்பப் பட்டறைய திறக்க முடியுமா அண்ணே?”

“எப்படித் திறக்கிறது? என் துணி சொத்தைன்னு நானே எழுதிக் குடுத்தப்புறம் எவன் வாங்குவான்?”

“அப்போ போடாத.”

“உண்மையா இருந்தா போடத்தானே வேணும்?” ஆரின் தாளை மடித்தார். “ஒண்ணுதான் மனசுக்குக் கஷ்டம். தப்பு என்னுதுதான், எங்கேன்னு தெரியல. கொப்பரைய மாத்திப் பாத்தேன், நூலை மாத்திப் பாத்தேன், ஐஸ்ல வச்சு ஓட்டிப் பாத்தேன். இங்க ஒண்ணுகூடக் கிழிய மாட்டேங்குது. ஊரெல்லாம் கிழியிற துணி, இந்த வீட்டு நிலவறையில மட்டும் பத்து நாள் ஓடுது. எனக்குக் கிறுக்குப் பிடிக்குது.” பிறகு எமிலின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “உன் பம்பு பேரைக் கெடுத்துட்டேன் மாப்பிள்ள. நல்ல பம்பு அது. மன்னிச்சுக்க.”

எமில் மீனில் முள் தேடுபவர்போலத் தலை குனிந்துகொண்டார். சவ்வுகள் இங்கே கிழியாததற்குக் காரணம் அவருடைய இடக்கைக் கட்டைவிரலேயன்றி வேறொன்றுமில்லை. இந்த நிலவறையில் ஒவ்வொரு தடவையும், திருகாணியைத் தொடுமுன், அக்கட்டைவிரல் பழக்கத்தால் போய் நெம்பை அழுத்திக்கொண்டது. பதினொரு வாரமாக அவர் அதனைத் தடுக்கவும் இல்லை. வாய் திறக்கவும் இல்லை. சொன்னால் வேலை போகும். வேலை போனால் இந்த வீடும் போகும். தெருவுக்குத் தெரு ஆலைகள் உள்ள ஊரில் தவறு செய்த வரைவாளன் பெயர் ஒரே நாளில் எல்லா வாசலுக்கும் போய்ச் சேரும். இவ்வாறெல்லாம் அவர் காரணங்களைச் சேர்த்து வைத்திருந்தார்.

“ஒரு துணி மிச்சம் இருக்கு” என்றார் ஆரின். “போன புதன்கிழம தோய்ச்சது. வா, அதையும் ஓட்டிப் பாத்துடலாம். அப்புறம் கையெழுத்துப் போடறேன்.”

நிலவறையில், பழைய துணி துவைக்கும் இயந்திரத்திலிருந்து கழற்றிய மின்மோட்டார் ஒன்று மரப்பலகையில் பொருத்தப்பட்டிருந்தது. பம்பை அதனுடன் இணைத்து, ஐஸ்கிரீம் கடைவதற்கான மரவாளியில் உப்பும் பனிக்கட்டியும் நிரப்பி, அதற்குள் அமிழ்த்தி ஓட்டுவார்கள். பெட்ரோலுக்குப் பதிலாக மண்ணெண்ணெய். ஆரின் புதிய வட்டத்தை மண்ணெண்ணெயில் நனைத்துக் கிண்ணத்தின்மேல் பரப்பினார், இரு விரலால் நீவி, துளைகளைச் சரிபார்த்தார், மூடியை வைத்தார். “உன் முறை” என்று விலகி, முதுகைத் திருப்பிப் பனிக்கட்டி உடைக்கப் போனார்.

எமில் திருப்புளியை எடுத்தார். இடக்கைக் கட்டைவிரல் நெம்பின்மேல் சென்று அமர்ந்தது. அவர் அதனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு விரலை எடுத்துவிட்டார். நெம்பு தன் போக்கில் நிற்க, ஆறு திருகாணிகளையும், தொழிற்சாலையில் பம்பு பூட்டும் பெண்கள் செய்வதைப் போலவே, ஒன்றன்பின் ஒன்றாக இறுக்கினார். வாயால் சொல்ல முடியாததைப் பம்பு சொல்லிவிடட்டும் என்று அவர் எண்ணினார். அதில் ஒரு கோழைத்தனம் இருப்பதும் அவருக்குத் தெரிந்தேயிருந்தது.

மோட்டார் ஓடியது. இருவரும் கவிழ்த்த பெட்டிகளில் உட்கார்ந்து பீர் அருந்தினர்.

“கசக்குது” என்றார் ஆரின். “அன்னிக்குப் போலீஸ்காரன் உன்னைப் பிடிச்சிட்டுப் போயிருக்கணும். மதுவிலக்குக்காக இல்ல. இந்த ருசிக்காக.”

“அவன் ரெண்டு கோப்பை குடிச்சான்.”

“முத கோப்பை சாட்சிக்கு. ரெண்டாவது, முதலாவதை மறக்க.”

ஆரின் தம் பட்டறையைப் பற்றிப் பேசினார். வட்டம் வெட்டும் கிழவி நெல் ஸ்டைல்ஸ் கண்ணை மூடிக்கொண்டே வெட்டுவாளாம். இப்போது மகள் வீட்டில் துணி துவைக்கிறாளாம். “கடிதம் போட்டிருந்தா. ‘பெக்வித், நான் வெட்டினதுல எதுனா கோணலா போச்சா? அதனாலதான் கிழிஞ்சுதா?’ன்னு கேட்டு. என்ன பதில் எழுதறது, சொல்லு? என்னமோ ஒண்ணு எழுதிப் போட்டுட்டேன்.”

எமில் கோப்பையை இரு கையாலும் பற்றிக்கொண்டிருந்தார்.

மூன்றரை மணி நேரம் சென்றிருக்கும். வாளிக்குள் பம்பின் தாளம் தடுமாறியது. கிண்ணத்தின் அடித்துளையிலிருந்து கசிந்த மண்ணெண்ணெய் பனிநீரின்மேல் மிதந்து வந்தது. ஆரின் எழுந்து மோட்டாரை நிறுத்தினார். உறைந்த விரல்களோடு பம்பை எடுத்து, மூடியைக் கழற்றி, துணியை விளக்கினடியில் பிடித்தார். ஓரத்தில் பிறைவடிவக் கிழிசல்.

அவர் முகம் மலர்ந்தது. எமில் இதனை எதிர்பார்க்கவேயில்லை.

“கிழிஞ்சிடுச்சு” என்றார் ஆரின். “ஏய் ஹெட்டி, கிழிஞ்சிடுச்சு. இறங்கி வா, வந்து பாரு.” சட்டைப்பையிலிருந்து, சனவரியில் திரும்பி வந்த வட்டமொன்றை எடுத்து அருகே வைத்தார். இரண்டும் ஒரே அச்சு. “போன புதன்கிழம நான் எண்ணெய அரைமணி கூடக் காய்ச்சிட்டேன். அதான். அதிகம் காஞ்சா விறைச்சுப் போகுது. சனவரித் துணியும் அப்படித்தான் ஆகியிருக்கணும். பதினொரு வாரம், மாப்பிள்ள. கடைசில மாட்டிக்கிச்சு பாரு.” கண்களைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். “இனிமே கையெழுத்துப் போடலாம். கூசாமப் போடலாம். அந்தப் பேனா எங்க?”

ஹெட்டி படியில் இறங்கி வந்து நின்றாள். கையில் ஆப்பிள் கேக் தட்டு.

ஆரின் தாளைப் பலகைமேல் விரித்துப் பேனா மூடியைத் திறந்தார்.

“மச்சான்” என்றார் எமில். “நான் நெம்பை அழுத்தல.”

“என்ன?”

“இப்போ முடுக்கும்போது. அழுத்தல. வேணும்னேதான்.”

ஆரின் பேனாவைப் பிடித்தபடியே நின்றார்.

“எங்க பட்டறையிலயும் அழுத்தறதில்ல. ஒரு நாளும் அழுத்தினதில்ல. அந்த வரிய நான் எடுத்துட்டேன். செப்டம்பர்ல.”

“யாரு எடுக்கச் சொன்னா?”

“யாரும் சொல்லல.”

“எதுக்கு எடுத்த?”

“நாலு விநாடி ஆகுதுன்னு.”

மோட்டாரின் சூட்டில் தூசு பொசுங்கும் வாடை வந்தது. ஆரின் பேனாவை மூடினார். கிழிந்த இரு வட்டங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார், மீண்டும் பிரித்தார்.

“நான் கேட்டேனே உன்கிட்ட” என்றார். “இதே இடத்துல நின்னு கேட்டேன்.”

“ஆமா.”

“எழுதியிருக்குன்னு சொன்ன.”

“ஆமா மச்சான்.”

“நாலு விநாடிய விடு. அவசரத்துல எவனுக்கும் கை சறுக்கும். எனக்கும் சறுக்கியிருக்கு.” ஆரினின் குரல் உயரவில்லை. “ஆனா தினமும் சாயங்காலம் வந்து, எனக்கு ஸ்க்ரூ முடுக்கிக் குடுத்தியே. நான் எங்கப்பன் கொப்பரையத் திட்டினேன். நெல் கிழவிக்கு, ‘கோணலா வெட்டினியோ என்னவோ, தெரியல’ன்னு பதில் எழுதிட்டேன். அது அவளுக்குப் போய்ச் சேந்திருக்கும். இங்கதான உக்காந்திருந்த நீ, இந்தப் பொட்டி மேல?”



ஆரின் இருமினார். இருமி முடித்து, வாளியில் கையலம்பி, படியேறினார். ஹெட்டியைக் கடக்கும்போது, “கேக் வேணாம் கண்ணு” என்று மட்டும் சொன்னார்.

ஹெட்டி கீழேயே நின்றாள்.

“அண்ணன் உன்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு எமில்” என்றாள். “மத்தியானம். என் மேசையில. நீ மீனைத் தின்னுக்கிட்டு இருந்த.”

மறுநாள் விடியலில் ஆரின் முதல் ரயிலில் ஒவாசோ போய்விட்டிருந்தார். கொப்பரைகள் இரண்டும் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. பலகைமேல் ஒப்பமிடாத தாள் அப்படியே கிடந்தது. அதன்மேல் கிழிந்த வட்டங்கள் இரண்டும், காற்றில் பறக்காதிருக்கத் திருப்புளியும் வைக்கப்பட்டிருந்தன. ஹெட்டி எழுந்துவரவில்லை. எமில் தாமே காப்பி போட்டுக் குடித்துவிட்டு, தாளையும் வட்டங்களையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

வரைகூடத்தில் அவர்தான் முதல் ஆள். பெட்டகத்திலிருந்து மூல வரைதுணியை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நான்காம் குறிப்பு இருந்த இடம் மெருகு நீங்கி, முழங்கையில் தேய்ந்த சட்டைபோல மங்கலாகத் தெரிந்தது. ஆரின் ஒருமுறை விரலால் தடவியிருந்தால் அக்கணமே கண்டுபிடித்திருப்பார். வரைதுணியைப் பலகையில் ஊசி குத்திப் பரப்பி, மாக்கல் பொடி தூவித் தேய்த்து, பேனாவை மையில் தோய்த்தார். எவ்வளவு பொடி தேய்த்தும் சுரண்டிய இடத்தில் மை கசிந்தது. அழகான எழுத்து என்று பாராட்டப்பட்ட அவ்வரி, இம்முறை தடித்துப் பரவி, பள்ளிச் சிறுவன் எழுதியதுபோல விழுந்தது. அழிக்காமல் அப்படியே விட்டார்.

பின்பு ஓரத்திலிருந்த மாற்றப் பட்டியலுக்கு வந்தார். அது வெறுமையாயிருந்தது. முதல் கட்டத்தில் தேதி எழுதினார். எல்லோரும் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் இடும் மூன்றாம் கட்டத்தில் தம் முழுப் பெயரையும் எழுதினார். நடுக்கட்டமாகிய காரணத்தில் கை நின்றது.

ராட்னர் உள்ளே வந்து, மேலங்கியைக் கழற்றியபடியே கேட்டார்: “உன் மச்சினன் கையெழுத்துப் போட்டானா?”

எமில் ஒப்பமிடாத தாளை நீட்டினார். அதன்மேல் கிழிந்த வட்டங்களை வைத்தார். ராட்னர் பார்வை வட்டங்களிலிருந்து பலகைக்குச் சென்றது. ஈரம் காயாத வரியைப் படித்தார்.

“இது நீலநகலா இறங்கினா கம்பெனி பூராவும் பாக்கும், ஹார்ட்விக். வாங்குற மோட்டார் கம்பெனிக்காரனும் பாப்பான்.”

“ஆமாம் ஐயா.”

“இந்த வரி இல்லாம பம்பு ஓடும்னு நீதானே சொன்ன?”

“ஓடும் ஐயா” என்றார் எமில். “சனவரி வரைக்கும்.”

ராட்னர் தம் அறைக்குள் சென்று கதவைச் சாத்தினார். எமில் பேனாவை மறுபடி தோய்த்தார். நடுக்கட்டம் சிறியது, மூன்று சொல்லுக்குமேல் கொள்ளாது. ‘முன்னரே இருந்தது, அழித்தேன்’ என்று எழுதி, மை உலரக் காத்திராமல் துணியைச் சுருட்டிக்கொண்டு, நகலெடுக்கும் அறைக்கு நடந்தார். அங்கிருந்தவரிடம் வழக்கமான பன்னிரண்டு படிகளுக்குமேல் இரண்டு படி கூடுதலாகக் கேட்டார். ஒன்றின் உறைமேல் ஆரின் பெக்வித் என்றும், மற்றதன் உறைமேல் நெல் ஸ்டைல்ஸ் என்றும் தம் கையாலேயே முகவரி எழுதினார்.